வரி குறைந்த பிறகும் எண்ணெய் விலை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரி கூடியது என்று செய்தி வந்த அதே வாரம், எங்கள் ஏரியா கடையில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் விலை ஏறிவிட்டது. 2025 மே மாதம் வரியைக் குறைத்தார்கள். ஆனால் விலை இறங்க வாரக்கணக்கில் ஆனது, அதுவும் கொஞ்சம்தான். நாடுகளுக்குள் ஏதோ தகராறு, வரி என்றால் அதை நான் ஏன் கட்ட வேண்டும்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. இந்த வரியை நமக்கு எண்ணெய் விற்கும் இந்தோனேசியாவோ உக்ரைனோ கட்டுவதில்லை. துறைமுகத்தில் சரக்கை இறக்கும் நம் நாட்டு கம்பெனிதான் சுங்கத்தில் கட்டுகிறது, அப்புறம் முடிந்தவரை பாக்கெட் விலையில் ஏற்றிவிடுகிறது. நாம் சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவதால் தப்பிக்க வழியும் குறைவு. சுத்திகரிக்காமல் வரும் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய் மூன்றுக்கும் செஸ் என்ற கூடுதல் வரியெல்லாம் சேர்த்து 5.5% இருந்த வரி 2024 செப்டம்பர் 14 முதல் 27.5% ஆனது. 100 ரூபாய்ச் சரக்குக்கு 22 ரூபாய் கூடுதல். 2025 மே கடைசியில் அது 16.5% ஆக இறங்கியது, அதாவது ஏறிய 22-ல் பாதிதான் திரும்பி வந்தது. அதனால் பழைய விலை முழுசாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது. போதாக்குறைக்கு, 2024 கடைசியில் உலகச் சந்தையிலேயே பாமாயில் விலை ஏறிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்த 'அதே வாரம்' ஏற்றியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. குறைந்த வரியில் ஏற்கெனவே வந்து இறங்கிய எண்ணெய் அப்போது சுமார் 30 லட்சம் டன் இருந்தது, 45 முதல் 50 நாள் தேவைக்குப் போதும், அது தீரும்வரை எம்ஆர்பியை ஏற்றாதீர்கள் என்று மத்திய அரசே கம்பெனிகளிடம் சொன்னது. சொன்னதோடு சரி. ஏறும்போது புது வரியைக் காட்டுகிறார்கள், இறங்கும்போது 'பழைய ஸ்டாக்' என்கிறார்கள். இரண்டு பக்கமும் நாம்தான் கொடுக்கிறோம்.

வரியைக் கூட்டியது விவசாயிக்காகத்தான், மலிவான இறக்குமதி எண்ணெய் உள்ளூர் சோயா விலையை அமுக்கிவிடக் கூடாது என்று. சோயாவுக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் இருக்க, மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் சந்தையில் அதற்கும் கீழே விற்றுக்கொண்டிருந்தது. நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை, ஆனால் வரி கூடிய பிறகு வந்த அறுவடையிலும் பலர் ஆதரவு விலைக்குக் கீழேதான் விற்றார்கள். நாம் கூடுதலாகக் கொடுத்தது அவர்கள் கைக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

தகராறு என்று கேட்டீர்களே, அதுவும் உண்டு. காஷ்மீர், குடியுரிமைச் சட்டம் பற்றி மலேசியப் பிரதமர் மகாதீர் பேசியதைத் தொடர்ந்து, 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது. 2022 ஏப்ரலில் இந்தோனேசியா தன் ஊரில் விலையை அடக்க ஏற்றுமதியையே சுமார் மூன்று வாரம் நிறுத்திவிட்டது.

சரி, கடையில் என்ன செய்யலாம்? பாக்கெட் செய்த மாதத்தைப் பாருங்கள். வரி மாறுவதற்கு முந்தைய மாதம் போட்டிருந்தால், அது பழைய வரியில் வந்த சரக்கு. எந்த மாதத்துப் பாக்கெட்டானாலும் அதில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது, கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டுவதும் தப்பு. பில்லும் பாக்கெட் போட்டோவும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். எடையையும் கவனியுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும், ஆனால் அதே சைஸில் தெரியும் பாக்கெட்டில் 850, 800 கிராம்கூட இருக்கிறது. கிராமுக்கு அல்லது மில்லிக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதை வைத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: நாங்கள் வாங்குவது உள்ளூர்ச் செக்கு கடலை எண்ணெய். அதற்கும் இந்த வரிக்கும் என்ன சம்பந்தம்? வரி ஏறும் என்று தெரிந்தால் முன்கூட்டியே டின் கணக்கில் வாங்கி வைக்கலாமா?

பதில்: சம்பந்தம் உண்டு. போட்டிக்கு நிற்கும் பாக்கெட் எண்ணெய் விலை ஏறினால் கடலை எண்ணெய்க்காரருக்கும் ஏற்ற இடம் கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் 2018-ல் இறக்குமதி வாஷிங் மெஷினுக்கு வரி போட்டபோது விலை சுமார் 12% ஏறியது. துணி உலர்த்தும் மெஷினுக்கு அந்த வரியே கிடையாது, ஆனால் இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள் என்பதால் அதன் விலையையும் ஏறக்குறைய அதே அளவு ஏற்றிவிட்டார்கள்.

டின் வாங்கி அடுக்க வேண்டாம். செக்கு எண்ணெய் நாளானால் காறல் வாடை வந்துவிடும், மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். ஒரு மாதத் தேவைக்குக் கூடுதலாக ஒரு பாக்கெட் போதும். ரேஷன் கார்டில் லிட்டர் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயிலை வாங்காமல் விடுகிறீர்கள் என்றால், பொரிக்கவாவது அதை வாங்கிக்கொள்ளுங்கள்.