கட்டணம் வாங்கட்டும், கணக்கைக் காட்டட்டும்

கேள்வி: எங்கள் ஊரில் பாழடைந்து கிடந்த பழைய மாளிகையைப் பொதுப்பணத்தில் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். முன்பெல்லாம் சும்மா உள்ளே போய்வருவோம், இப்போது வாசலிலேயே டிக்கெட். எங்கள் வரிப்பணத்தில் சரிசெய்துவிட்டு எங்களிடமே திரும்பவும் காசு கேட்பது என்ன நியாயம்?

பதில்: கோபம் நியாயமானதுதான், ஆனால் கேள்வியைக் கொஞ்சம் நகர்த்திக் கேட்க வேண்டியிருக்கிறது. புதுப்பிப்பதற்கு வந்த பணம் வேறு, நடத்துவதற்கு வேண்டிய பணம் வேறு. முதலாவது ஒருமுறை வருகிற மானியம், கூரைக்கும் சுவருக்கும் தரைக்கும் செலவழித்தால் தீர்ந்துபோகும். இரண்டாவது மாதா மாதம் வேண்டும்: காவலர் சம்பளம், மின்கட்டணம், காப்பீடு, லிஃப்ட் பராமரிப்பு, தீயணைப்புச் சோதனை, அப்புறம் பத்து வருடத்தில் மறுபடியும் ஒழுகப்போகிற அதே கூரை. முதல் வகைப் பணத்தைக் கொடுக்க எல்லோரும் முன்வருவார்கள், ஏனென்றால் அதற்குத் திறப்பு விழா உண்டு, கல்லில் பெயர் பொறிப்பார்கள். கழிப்பறைக் குழாயை மாற்றியதற்கு யாரும் ரிப்பன் வெட்டியதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பாழடைந்த கட்டடத்தை வைத்திருக்க ஆகிற செலவைவிடப் புதுப்பித்த கட்டடத்தை வைத்திருக்க ஆகிற செலவு பல மடங்கு அதிகம். சும்மா கிடந்தபோது அதற்கு விளக்கே கிடையாது, இப்போது ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் கருவி முதல் கண்காணிப்பு கேமரா வரை எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை இது. இங்கிலாந்தின் யார்க் நகரக் கலைக்கூடம் 80 லட்சம் பவுண்டு செலவில் புதுப்பிக்கப்பட்டு 2015 ஆகஸ்டில் திறந்தபோது, அதுவரை இலவசமாக இருந்த இடத்துக்கு 7.50 பவுண்டு கட்டணம் வந்தது. ஊர்க்காரர்கள் கேட்டது அச்சு அசல் உங்கள் கேள்வியைத்தான். நகராட்சி ஆண்டுதோறும் கொடுத்துவந்த உதவி வெகுவாகக் குறைந்துவிட்டது, வேறு வழியில்லை என்பது நிர்வாகத்தின் பதில். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு கையால் கட்டடத்துக்குப் பணம் கொடுத்து, இன்னொரு கையால் நடத்துகிற பணத்தைக் குறைத்தால், மிச்சத்தை வாசலில் நிற்பவர்தான் கட்டியாக வேண்டும் என்பது வேலை தொடங்கும்போதே தெரிந்திருக்குமே? "ஏன் டிக்கெட்" என்று கேட்டால் பராமரிப்புச் செலவைக் காட்டி உங்களை அனுப்பிவிடுவார்கள். "டிக்கெட் போடப்போவது எப்போது முடிவானது, அதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: டிக்கெட் வருமானத்தில் சொந்தக் காலில் நிற்கும் என்று திட்ட அறிக்கையில் எழுதியிருந்தார்களாம். நம்பலாமா?

பதில்: எழுதியது யார் என்று பாருங்கள். மானியம் கேட்கிறவர்தான் பார்வையாளர் எண்ணிக்கையையும் மதிப்பிடுகிறார், குறைவாகப் போட்டால் மானியம் கிடைக்காது, அப்படியிருக்க எந்தப் பக்கம் தவறும் என்பது தெரிந்ததுதானே. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1999 மார்ச்சில் வெகுஜன இசைக்கென்று ஒரு மையம் திறந்தார்கள். பழைய கட்டடம் இல்லைதான், ஆனால் பாடம் ஒன்றே. செலவு ஒன்றரைக் கோடி பவுண்டு, அதில் 1.1 கோடி தேசிய லாட்டரிச் சீட்டு வருமானத்திலிருந்து வந்த பொது நிதி. ஆண்டுக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கூட்டம் வரவே இல்லை, 2000ஆம் ஆண்டு நடுவில் மூடிவிட்டார்கள். இன்று அந்தக் கட்டடம் ஒரு பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் கையில் இருக்கிறது. முதல் வருடக் கூட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது புதுசைப் பார்க்க வருகிற கூட்டம். மூன்றாவது வருடம்தான் உண்மையைச் சொல்லும்.

கேள்வி: பேசாமல் இலவசமாகவே விட்டுவிடலாமே? பிரிட்டனில் அருங்காட்சியகங்கள் இலவசம்தானே?

பதில்: அங்கே எல்லாமே இலவசம் கிடையாது. 2001 டிசம்பரிலிருந்து தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகள் இலவசம், அதற்கு அரசு ஆண்டுதோறும் பணம் கொடுக்கிறது. யார்க் மாதிரி உள்ளூர் நிறுவனங்கள் அந்தக் குடைக்குள் வருவதில்லை. பலன் இல்லாமலும் இல்லை: அதற்கு முன் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த அருங்காட்சியகங்களில் பத்து ஆண்டுகளில் வருகை இரண்டு மடங்குக்கும் மேல் போனது. ஆனால் கூடுதலாக வந்தவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த படித்த, வசதியான கூட்டமே, அவர்கள் இன்னும் அடிக்கடி வந்தார்கள். வராதவரை வரவிடாமல் செய்வது டிக்கெட் மட்டும் இல்லை. பேருந்துக் கட்டணம் இருக்கிறது, வேலை நேரம் இருக்கிறது, இது நமக்கான இடம் இல்லை என்கிற கூச்சம் இருக்கிறது. அதற்காக இலவசம் வீண் என்று சொல்ல மாட்டேன். அரை மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்கிற சுதந்திரம் இலவசத்தில்தான் உண்டு. காசு கொடுத்தவர் கால் வலித்தாலும் கடைசி அறை வரை பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவார்.

இன்னொரு விநோதம். பிரிட்டனில் முன்பு கட்டணம் வாங்குகிற அருங்காட்சியகத்துக்கு, செலவுகளில் கட்டிய மதிப்புக் கூட்டு வரி திரும்பக் கிடைத்தது. இலவசமாக விட்டால் அது வியாபாரம் இல்லை என்று சொல்லி வரியைத் திருப்பித் தர மாட்டார்கள். தர்மம் செய்தவருக்கு அபராதம்! 2001இல் சட்டத்தையே மாற்றித்தான் இதைச் சரிசெய்ய முடிந்தது.

கேள்வி: சரி, உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமாவது இலவசம் என்று வைத்தால் என்ன?

பதில்: எனக்குப் பிடித்த வழி இதுதான். நகராட்சி வரி கட்டுகிறவர் ஏற்கெனவே ஒரு பங்கு கொடுத்துவிட்டார், வெளியூரிலிருந்து வருகிறவர் கொடுக்கவில்லை. இங்கிலாந்தின் பிரைட்டன் அருங்காட்சியகம் 2015இல் இப்படித்தான் செய்தது: வெளியூர்க்காரருக்குக் கட்டணம், நகரவாசிக்கு இலவசம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2018 மார்ச்சில் வெளி மாநிலத்தவருக்கு 25 டாலர் என்று கட்டாயமாக்கியது, நியூயார்க் மாநிலத்தவரும் பக்கத்து இரண்டு மாநிலங்களின் மாணவர்களும் இன்றும் விரும்பியதைக் கொடுத்தால் போதும். அதன் கட்டடம் நகரத்துக்குச் சொந்தம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நியாயமாகவே படுகிறது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் நார்வே போன்ற சில நாடுகளும்) வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 32 யூரோ வாங்குகிறது, மற்றவர்களுக்கு 22.

ஆனால் இந்த வழி சில இடங்களில் சட்டப்படி செல்லாது. இத்தாலியில் சில உள்ளூர் அருங்காட்சியகங்கள் இத்தாலியர்களோ அவ்விடத்து வாசிகளோ ஆன முதியவர்களுக்கு மட்டும் இலவசம் என்று வைத்திருந்ததை, பிற நாட்டு ஐரோப்பியர்களுக்குக் காட்டும் பாகுபாடு என்று 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே இத்தாலியில் 2023 ஜூலையில், பழைய ரோமானியக் கோயிலாக இருந்து தேவாலயமாக மாறிய பாந்தியனுக்கு 5 யூரோ கட்டணம் போட்டபோது ரோம் நகரவாசிகளுக்கு இலவசம் என்றுதான் அறிவித்தார்கள். சட்டம் ஒரு பக்கம், உள்ளூர் ஓட்டு இன்னொரு பக்கம்! பாந்தியனில் பாராட்ட வேண்டியது வேறு: வருமானத்தில் 70 சதவீதம் கலாசார அமைச்சகத்துக்கு, 30 சதவீதம் ரோம் மறைமாவட்டத்துக்கு (அவ்வூர்க் கத்தோலிக்கத் திருச்சபை நிர்வாகத்துக்கு) என்று முதலிலேயே பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்கள். எந்தக் காசு எங்கே போகிறது என்று தெரிந்தால் பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும்.

கேள்வி: டிக்கெட்டுக்குப் பதில் உண்டியல் வைத்தால் போதாதா?

பதில்: போதாது. மெட்ரோபாலிடன் பல வருடம் "இவ்வளவு கொடுங்கள், கட்டாயமில்லை" என்றுதான் நடத்தியது. கடைசியில் முழுத் தொகையைக் கொடுத்த பெரியவர்கள் வெறும் 17 சதவீதம்.

கேள்வி: 2019இல் தீப்பிடித்த பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயத்துக்கு உலகமே பணம் அனுப்பியது, உள்ளே போக இலவசம். எங்களால் மட்டும் ஏன் முடியாது?

பதில்: எரிந்தது நோத்ர் தாம் என்பதால்தான்! 150 நாடுகளிலிருந்து 84.6 கோடி யூரோ வந்தது, உங்கள் மாளிகை நாளை இடிந்தாலும் பக்கத்துத் தெருவைத் தாண்டிச் செய்தி போகாது. அங்கேயும் வாதம் நடந்தது. ஆளுக்கு 5 யூரோ வாங்கினால் ஆண்டுக்கு 7.5 கோடி சேரும், அதை வைத்து நாடு முழுக்கச் சிதைந்துகொண்டிருக்கும் தேவாலயங்களைக் காப்பாற்றலாம் என்று 2024இல் பிரான்சின் கலாசார அமைச்சர் சொன்னார், வழிபாட்டு இடத்துக்குக் கட்டணம் கூடாது என்று திருச்சபை மறுத்துவிட்டது. கோபுரம் ஏற மட்டும் டிக்கெட் உண்டு. கேட்டால் நான் அமைச்சர் பக்கம் சாய்வேன், வழிபட வருகிறவரை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வருகிறவரிடம் மட்டும் வாங்க முடியும் என்றால். அப்படிப் பிரித்தறிய வாசலில் யாரை நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை.

கேள்வி: அடுத்த மாதம் நிர்வாகத்தினர் மக்களைச் சந்திக்கிறார்கள். என்ன கேட்கட்டும்?

பதில்: "விலையைக் குறையுங்கள்" என்று தொடங்காதீர்கள், அதற்குத் தயாராகத்தான் வருவார்கள். டிக்கெட் வசூல் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அதை வசூலிக்க ஆகும் செலவு எவ்வளவு என்றும் கேளுங்கள். கவுன்டர், இயந்திரம், இரண்டு பேர் சம்பளம் என்று சின்ன இடங்களில் வருமானத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடுவதுண்டு, அப்படியானால் கதவைத் திறந்துவிடுவதே லாபம். மானிய விண்ணப்பத்தில் போட்ட பார்வையாளர் எண்ணிக்கையையும் இதுவரை வந்த எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். கூரைக்கென்று ஆண்டுதோறும் தனியாக ஏதாவது ஒதுக்குகிறார்களா, இல்லை அடுத்த மானியத்துக்குக் காத்திருக்கப் போகிறார்களா என்று கேளுங்கள். ஒருமுறை வாங்கிய டிக்கெட்டை ஒரு வருடம் செல்லும்படி ஆக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வெளியூர்ப் பயணி மறுபடி வரப்போவதில்லை, அதனால் அவர்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, உங்களுக்கோ ஒரு விலையில் வருடம் முழுக்க. இதற்குச் சம்மதிப்பார்கள் என்றே நினைக்கிறேன், கூரைக் கேள்விக்குத்தான் பதில் வராது. கேள்விகளை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.