துளையைச் சின்னதாகப் போட்டால் எலும்பு விரிசல் விடாதா?

கேள்வி: எனக்கு 58 வயது. மேல்தாடைக் கடைவாயில் ஒரு இம்ப்ளான்ட் (பல்லின் வேருக்குப் பதிலாக எலும்பில் பொருத்தும் டைட்டேனியம் திருகு) வைத்திருக்கிறார்கள். ‘எலும்பு மிருது, அதனால் துளையைச் சின்னதாகத்தான் போட்டேன், அதன்மேல் பல் கேப் வைக்க 5 மாதம் ஆகட்டும்’ என்கிறார் டாக்டர். என் தம்பிக்குக் கீழ்த்தாடையில் 3 மாதத்திலேயே கேப் வைத்துவிட்டார்கள். சின்னத் துளையில் திருகினால் எலும்பு விரிசல் விடாதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, உங்கள் டாக்டர் யோசித்துத்தான் செய்திருக்கிறார். மேல்தாடையின் பின்பக்க எலும்பு பஞ்சு போன்றது, அதன் வெளி ஓடும் மெலிது. அங்கே இம்ப்ளான்டின் அளவுக்கே துளை போட்டால் பிடிப்பில்லாமல் ஆடும். ஆடினால் எலும்பு ஒட்டாது, நடுவில் நார்த்திசு வளர்ந்துவிடும். துளை கொஞ்சம் குறுகலாக இருந்தால் இம்ப்ளான்ட் சுற்றியுள்ள எலும்பை நெருக்கிக்கொண்டு இறங்கும். எலும்பைச் சீவி வெளியே எடுக்காமல், எதிர்த்திசையில் சுழன்று துளையின் சுவரிலேயே அழுத்திவிடும் பர்களும் (டிரில் முனைகளும்) இப்போது வந்திருக்கின்றன.

தம்பியின் கீழ்த்தாடை கெட்டி. நீங்கள் பயப்படுவது அங்கேதான் நடக்கக்கூடும். கெட்டி எலும்பை அளவுக்கு மீறி நெருக்கினால் ரத்த ஓட்டம் தடைபட்டு, எலும்பு கரையும். துளை போடும்போது வரும் சூடும் அங்கேதான் அதிகம். 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு சேதமாகும் என்று ஸ்வீடனின் எரிக்ஸனும் ஆல்ப்ரெக்ட்ஸனும் 1983-இல் முயல்களிடம் நடத்திய ஆய்வில் காட்டினார்கள். மழுங்கிய டிரில்லை நான் தொடவே மாட்டேன். சலைன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், டிரில்லை அழுத்திப் பிடிக்காமல் இறக்கி இறக்கி எடுக்க வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

சரி, 5 மாதம் எதற்கு? வைத்த அன்று இருக்கும் இறுக்கம் வெறும் திருகின் பிடிப்புதான். நெருங்கிய எலும்பை உடல் கரைத்துவிட்டு, டைட்டேனியத்தை ஒட்டிப் புது எலும்பு கட்டும். பழைய பிடி தளர்ந்து புதுப் பிடி முழுதாக வராத காலம் சுமார் 3, 4 வாரத்தில் வரும். வலி இருக்காது, அதனால் ஆறிவிட்டது என்று நினைத்து முறுக்கு கடிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள், மிருது எலும்பு ஆறவே நேரம் எடுக்கும்.

கேப் வைக்கும் முன் ஐ.எஸ்.க்யூ. அளக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இம்ப்ளான்டின் உறுதியை 1 முதல் 100 வரையான எண்ணில் காட்டும் அளவுகோல் அது. 70-ஐத் தாண்டினால் நல்ல உறுதி. வைத்த அன்றே அளந்திருந்தால் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்து, அவர் இன்னும் ஒரு மாதம் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.