பிரிக்காத பதினோரு புத்தகங்கள்

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு, மகள் பத்தாம் வகுப்பு. இருவரும் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். எங்கள் ஊர்ப் புத்தகத் திருவிழாவில் நீதிக் கதைகள், பொது அறிவு, தலைவர்கள் வரலாறு, தன்னம்பிக்கை என்று 1,850 ரூபாய்க்குப் பதினோரு புத்தகங்கள் வாங்கி வந்து கொடுத்தேன். ஆறு மாதமாகிறது, ஒன்றைக்கூடத் தொடவில்லை. மகன் காமிக்ஸ் கேட்கிறான். மகள் தோழியிடம் ஒரு காதல் நாவல் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். உருப்படியான புத்தகங்களின் பட்டியல் ஒன்று தர முடியுமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: பட்டியல் தருகிறேன், சிறியதாக. அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனீர்களா? உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தும் அந்தச் செய்தி கிடைக்கவில்லை. 'வாங்கி வந்து கொடுத்தேன்' என்கிறீர்கள், அதனால் போகவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புப் பெண்ணைக் கேட்காமல் அவளுக்கு ஒரு சுடிதார் எடுப்பீர்களா? பதினோரு புத்தகங்களை எடுத்திருக்கிறீர்கள்.

எடுத்தவை எல்லாமே பிள்ளைகளை ஏதோ ஒரு வகையில் சரிசெய்ய வந்த புத்தகங்கள். நீதிக் கதை ஒழுக்கத்துக்கு, பொது அறிவு மதிப்பெண்ணுக்கு, தன்னம்பிக்கை நூல் சோம்பலுக்கு. பிள்ளைகளுக்கு இது அட்டையைப் பார்த்ததுமே புரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து அதையே கேட்டுவிட்டு வருகிற பிள்ளை, வீட்டுக்கு வந்தும் ஏன் கேட்க வேண்டும்? தொடாமல் வைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கடையில் நின்றபடியே ஒரு புத்தகத்தை எடைபோட முடியும். முதல் பக்கத்தை விட்டுவிட்டு நடுவில் திறந்து நாலு பத்தியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் கீழே வைத்துவிடுங்கள். அப்புறம், கதையில் சிக்கலை யார் அவிழ்க்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளை தப்பு செய்வான், தாத்தா வந்து புத்தி சொல்வார், பிள்ளை திருந்துவான். இப்படித்தான் ஒவ்வொரு கதையும் முடிகிறது என்றால் அது பிள்ளைகளுக்காக எழுதியது இல்லை, வாங்கிக் கொடுக்கிற பெரியவர்களுக்காக எழுதியது. இன்னொன்று, எழுதியவர், படம் வரைந்தவர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர், இவர்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆசிரியர் பெயரே இல்லாமல், எங்கிருந்தோ எடுத்த படங்களை ஒட்டி, 'நூறு கதைகள்' என்று குவித்து விற்கிறார்கள். யாரும் தன் பெயரைப் போட முன்வராத புத்தகத்தை உங்கள் பிள்ளை மட்டும் ஏன் மதிக்க வேண்டும்? அழ. வள்ளியப்பா போன்றவர்கள் 1950இலேயே குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கி, சிறுவர்களுக்கு எழுதுவதை ஒரு தனிப் பொறுப்பாக எடுத்துக்கொண்ட மொழி இது.

உங்கள் மகன் விஷயத்தில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆங்கில வழியில் படிக்கிற பன்னிரண்டு வயதுப் பையன் தமிழைச் சரளமாகப் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அவன் வாசிப்புக்குத் தகுந்த புத்தகம் சின்னக் குழந்தைக் கதையாக இருக்கும், அது அவனுக்கு அவமானம். வயதுக்குத் தகுந்த புத்தகத்தில் வரிகள் ஓடாது, அது சலிப்பு. இந்த இடைவெளியை நிரப்பக் காமிக்ஸைப்போல வேறொன்று இல்லை. படம் கதையைப் பிடித்துக்கொள்ளும், வசனம் பேச்சு நடையில் இருக்கும், ஒரு கட்டத்தில் ஒரு வரிதான். 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியதிலிருந்து இந்த வழியாக வாசிப்புக்குள் வந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். உங்கள் மகன் வாய்திறந்து ஒரு புத்தகம் கேட்டிருக்கிறான், வீட்டுக்கு வந்த பதினோரு புத்தகங்களும் சாதிக்காதது அது. வாங்கிக் கொடுங்கள்.

சரியாக வாசிக்கத் தொடங்கியதும் 'டோட்டோ-சான்' கொடுக்கலாம். ஜப்பானியப் புத்தகம், நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டிருக்கிறது. ஒரு பள்ளியிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட சிறுமி புதுப் பள்ளிக்கு வருகிறாள். அங்கே தலைமையாசிரியர் முதல் நாள் அவளை உட்கார வைத்து, அவள் பேசுவதை நாலு மணி நேரம் கேட்கிறார். இடையில் ஒரு அறிவுரை கிடையாது. உங்கள் நீதிக் கதைப் புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து சொல்ல முயல்வதை அந்த ஒரு காட்சி செய்துவிடுகிறது. தமிழிலேயே எழுதியது வேண்டும் என்றால், கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை', யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. இரண்டும் சிறுவர் இலக்கியத்துக்கு சாகித்ய அகாதெமி தருகிற பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்றவை. இரண்டாவது, பிள்ளைகளுக்கு நேரும் பாலியல் தொல்லையைப் பற்றியது. பல வீடுகளில் வாய்விட்டுப் பேசத் தயங்குகிற விஷயத்தை, சிறுமி ஒருத்தியின் பக்கத்தில் நின்று பேசுகிறது. முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள். தடுப்பதற்காகச் சொல்லவில்லை. அவன் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

மகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை வருத்திய வரி அந்த பீரோதான். பதினைந்து வயதில் காதலைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை வருவது இயல்பு. அதை ஒரு நாவலில் தேடியிருக்கிறாள், அது நல்ல இடம். அந்த நாவல் சுமாரானதாகவே இருக்கட்டும். சுமாரானதைப் படித்துச் சலித்தவர்கள்தான் நல்லதைத் தேடிப் போகிறார்கள். பிடுங்கினால் நாவல் நிற்காது, உங்களிடம் அதைப் பற்றிப் பேசுவதுதான் நின்றுபோகும்.

அவளுக்கு இனிச் சிறுவர் புத்தகம் வேண்டாம். பெரியவர்களின் இலக்கியத்துக்குள் கூட்டிப் போகலாம், சிறுகதை வழியாக. கி. ராஜநாராயணனின் 'கதவு' சில பக்கங்கள்தான். வரி பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள், அந்தக் கதவில் ஏறி பஸ் விளையாடிய பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்பதுதான் கதை. கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' இன்னொன்று. பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிற ஒருவர், எல்லார் மேலும் பிரியம் உள்ளவர், அவர் ஒரு சிறுவனை மட்டும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். சாரங்கன் என்ற அந்தச் சிறுவன் கடைசியில் என்ன செய்கிறான் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். மகளோடு நீங்களும் படிக்க வேண்டிய கதை. நம்மைப் போலப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிற எல்லாரும் படிக்க வேண்டிய கதை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இருவரையும் மாவட்ட மைய நூலகத்துக்குக் கூட்டிப் போய் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். கடையில் தப்பான புத்தகம் எடுத்தால் பணம் போகும், நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம். நாலு தப்பு செய்துதான் தனக்குப் பிடித்தது எது என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். நீங்கள் தள்ளி நின்று உங்களுக்கு ஒரு புத்தகம் தேடுங்கள். கடிதத்தில் நீங்கள் படிக்கிற புத்தகம் எதையும் குறிப்பிடவில்லை.

அதற்கு முன், இன்றைக்கு ராத்திரியே பீரோவைத் திறந்து அந்த நாவலை மகளிடம் கொடுத்துவிடுங்கள். தோழியுடையது, அந்தத் தோழியிடம் உங்கள் மகள் இத்தனை நாளாக என்ன பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ. எந்தப் பக்கத்தில் நிறுத்தினாள் என்று கேளுங்கள். அவள் முடித்த பிறகு நீங்கள் வாங்கிப் படியுங்கள்.