அடைக்கலம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: பாம்பனில் மீன் இறங்குதளத்தின் அருகே தாயை இழந்து கிடந்த நாய்க்குட்டிகளைத் தன்னார்வலர்கள் சிலர் மீட்டிருக்கிறார்கள். யாராவது தத்தெடுக்கும்வரை ஒரு பெண்குட்டியை என் வீட்டில் வைத்துப் பராமரிக்க இயலுமா என்று கேட்கிறார்கள். வீட்டில் ஒரு நாயும் ஏழு வயது மகனும் உண்டு. ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகி, மண்டபம்

பதில்: அவசியம் ஒப்புக்கொள்ளுங்கள். குட்டியைத் தூக்கிவர ஆள் கிடைத்துவிடுகிறது; அதன்பின் எங்கே வைப்பது என்பதில்தான் இத்தகைய குழுக்கள் தவித்துப்போகின்றன. ஆனால் மருத்துவச் செலவை யார் ஏற்பார்கள், நீங்கள் வெளியூர் சென்றால் குட்டி எங்கே இருக்கும், எவரும் தத்தெடுக்காவிட்டால் யார் பொறுப்பு என்பவற்றை முதலிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுநாயில் பெண்குட்டியை எடுக்கப் பலரும் தயங்குவதால், உரிய வயதில் கருத்தடை செய்வதற்கும் குழு பொறுப்பேற்க வேண்டும்.

உங்கள் நாயின் தடுப்பூசிகள் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, இரண்டு வாரங்களுக்குக் குட்டியைத் தனி அறையில், தனித் தட்டுடன் வைத்திருங்கள். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்னும் வைரஸ் கிருமி உடலில் இருந்தாலும் தொடக்கத்தில் குட்டி துள்ளி விளையாடிக்கொண்டுதான் இருக்கும். அக்கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கக் கூடியது. சோப்புநீருக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல் தேவை. வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலும் கண்டால் மறுநாள் பார்க்கலாம் என்றிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கும், பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியை, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வார வயதுவரை தொடர வேண்டும்; ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதத்தில் போடப்படும். பசும்பால் வயிற்றைக் கெடுக்கும். குழைந்த சோற்றில், முள் நீக்கி உப்பின்றி வேகவைத்த மீனைப் பிசைந்து கொடுங்கள், கருவாடு கூடாது. காதுமடலின் உள்ளேயும் விரலிடுக்கிலும் உண்ணி இருந்தால், சிலர் செய்வதுபோல் மண்ணெண்ணெய் ஊற்றாமல், தோலை ஒட்டி இடுக்கியால் பற்றி நேராக இழுத்தெடுங்கள்.

மகனுக்குக் குட்டியின் பல் பட்டுச் சிறு கீறல் விழுந்தாலும், குட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பராமரிப்புக்கு ஒரு கால எல்லையும் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாததால் கழிவுமீன் குறைந்து, அதையே நம்பிக் கரையில் வாழும் நாய்கள் பசியோடு ஊருக்குள்ளும் சாலைக்கும் வருகின்றன. அதற்குள் உங்கள் குட்டி நல்ல வீடு சேர்ந்துவிட்டால், அந்த இடத்தில் இன்னொரு உயிரை வைத்துக் காக்கலாம். பழகிய குட்டியை அனுப்ப மனம் வராதுதான். எனினும் அடைக்கலம் கொடுத்தவர்கள் எல்லாருமே தங்களிடமே வைத்துக்கொண்டால், அடுத்து மீட்கப்படும் குட்டிக்குப் போக்கிடம் இராது.

கேள்வி: கரையில் திரியும் நாய் ஒன்றின் வாயிலிருந்து தூண்டில் நரம்பு தொங்குகிறது. இழுத்து எடுத்துவிடலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: இழுக்கவே கூடாது. தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி இருக்கும் கூர்முனை, தொண்டையையோ குடலையோ கிழித்துவிடும். நரம்பை ஒட்ட நறுக்கியும் விடாதீர்கள். முள் எங்கே சிக்கியிருக்கிறது என்று மருத்துவர் கண்டறிய அது உதவும். உணவு எதுவும் கொடுக்காமல், முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொண்ட தன்னார்வலரை அழைத்து, தடித்த துணியால் போர்த்திப் பிடித்து, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.