அந்த 400 ரூபாயை வாங்கினீர்களா, இல்லையா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பைக் என்றால் எனக்கு உயிர். மூக்குக்கண்ணாடி, நகை கழுவ விற்கும் மூன்று லிட்டர் அல்ட்ராசானிக் க்ளீனர் (ஒலி அலை அதிர்வால் அழுக்கை நீக்கும் தொட்டி) ஒன்றை ஆன்லைனில் வாங்கி, தெரிந்தவர்களின் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்), பிசுக்கேறிய பாகங்களை வீட்டிலேயே சுத்தம் செய்து கொடுத்து வந்தேன். நண்பனின் நண்பர் ஒருவர் தன் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் கார்புரேட்டரைக் கொடுத்து, 400 ரூபாய் ஜிபேயில் அனுப்பினார். கறை விடவில்லை என்று தண்ணீரில் காஸ்டிக் சோடா கலந்து, 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் ஓட்டினேன். அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்து, கருத்துப் போய் வந்தது. அவர் என் அம்மாவை இழுத்துப் பேசினார். 'கார்புரேட்டர் கொலைகாரன்' என்று என் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தார். இப்போது 1,85,000 ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ். மன்னிப்புக் கேட்கும்வரை பாகத்தைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மெஷின் விற்றவர்மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் அவர் பேசிய பேச்சுதான். அதைத் தள்ளி வையுங்கள். ஸ்டேட்டஸுக்கு அவதூறு வழக்குப் போட்டால் கருத்துப்போன கார்புரேட்டர் வெள்ளையாகிவிடாது.

இதில் சட்டத்துக்கு வேண்டியது அந்த 400 ரூபாய் மட்டும்தான். நட்புக்காக இலவசமாகச் செய்திருந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது 'சேவை' என்ற கணக்கிலேயே வராது. காசு வாங்கிவிட்டீர்கள், அதுவும் ஜிபேயில். அவர் நுகர்வோர், நீங்கள் சேவை தருபவர். கடை போர்டு இல்லை, ஜிஎஸ்டி இல்லை, பொழுதுபோக்குக்குத்தான் செய்தேன் என்பதெல்லாம் நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது.

அடுத்து, ஒருவர் பொருளை நம்பி வாங்கி வைத்திருப்பவர் எவ்வளவு கவனம் காட்ட வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவு சொல்கிறது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளுக்குக் காட்டும் கவனம். இதைப் படித்துவிட்டு உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக்கு வந்தேன். "என் ஸ்ப்ளெண்டர் கார்புரேட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு, பத்து நிமிஷம், அவ்வளவுதான் போடுவேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பொருளுக்கு ஒரு கவனம், அவர் பொருளுக்கு ஒரு கவனம். அலுமினியத்தைக் காஸ்டிக் அரிக்கும் என்பது எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இதை வேறு யாரிடமாவது, முக்கியமாக வாட்ஸ்அப்பில், சொல்லியிருக்கிறீர்களா?

மெஷின் விற்றவரை விட்டுவிடுங்கள். பெட்டியில் கண்ணாடியும் மோதிரமும்தான் படம் போட்டிருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். சொன்ன வேலைக்கு அல்லாமல் வேறு வேலைக்குப் பொருளைத் தவறாகப் பயன்படுத்தினால் விற்பவர்மீது பொறுப்பு வராது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு கைவிரிக்கிறது. தவிர, பழுதானது மெஷின் இல்லையே.

இனி நான் பயப்படும் விஷயம். இந்த மாதிரி வழக்கில் ஆள் கெடுவது பாகம் கெட்டதால் அல்ல, அதற்கு அப்புறம் செய்யும் காரியங்களால். நீங்கள் ஏற்கனவே ஒன்றைத் தொடங்கிவிட்டீர்கள்: பாகத்தைத் தரமாட்டேன் என்பது.

வேலை செய்த கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு உரிமை தருகிறது. மெக்கானிக்குகள் எல்லோருக்கும் இது அரைகுறையாகத் தெரியும். ஆனால் அது கூலிக்காக மட்டும். உங்கள் கூலி 400 ரூபாய் முன்பே வந்துவிட்டது. மன்னிப்புக்காகப் பொருளைப் பிடித்து வைக்க எந்தச் சட்டமும் இல்லை. கேட்டும் தராமல் வைத்திருக்கும் நாளிலிருந்து அதற்கு என்ன ஆனாலும் உங்கள் தலையில்தான் விடியும். அதோடு நிற்காது. நம்பிக் கொடுத்த பொருளைத் தர மறுக்கிறார் என்று பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 316-ஆம் பிரிவில் ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுப்பார். அது நிற்குமா நிற்காதா என்பது வேறு பேச்சு. ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு நாள் உட்கார்ந்தவர், எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிட்டு வருகிற மனநிலையில்தான் என்னிடம் வருவார். 400 ரூபாய்த் தகராறு அப்படித்தான் வளர்கிறது.

வினிகரில் போட்டு வெள்ளையாக்கிப் பார்க்கலாம் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கூடாது. அந்தப் பாகம் இப்போது சாட்சி. அதில் நீங்கள் செய்யும் எந்தச் சீர்திருத்தமும் தடயத்தை அழித்ததாகப் பேசப்படும். இருக்கிற நிலையில் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, ஒரு பையில் கட்டி வையுங்கள். (பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்க வேண்டுமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். சூடேறும் மின்சாரத் தொட்டியில் பெட்ரோலா? அப்புறம் தீயை அலட்சியமாகக் கையாண்டதற்கான சன்ஹிதா 287-ஆம் பிரிவு, வீட்டு ஓனர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்து வருவார்கள்.)

அடுத்த குழி, தபாலைக் கவனிக்காதது. இப்போது வந்திருப்பது வெறும் வக்கீல் நோட்டீஸ். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலிருந்து புகார் நகலோடு நோட்டீஸ் வந்தால் பதிலுரைக்கு 30 நாள், காரணம் காட்டினால் இன்னும் 15 நாள். 46-ஆவது நாள் கதவு மூடும். ஆணையத்தால்கூட அதைத் திறக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. "சின்னக் கேஸ்தானே சார்" என்று 60-ஆவது நாள் கவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நல்ல பதில் இருந்தது, சொல்ல இடம்தான் இல்லை. உத்தரவு வந்தபின் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கட்டாமல் ஒளிந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம்வரை சிறைகூட உண்டு.

அவருக்கோ செலவே இல்லை. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் தானே வாதாடலாம். காலக்கெடு இரண்டு வருடம். நீங்கள் எனக்குக் கொடுக்கும் முதல் பீஸிலேயே அவருக்கு ஒரு கார்புரேட்டர் வாங்கிவிடலாம்.

அதனால் சமாதானமாகப் போங்கள். 1,85,000 ரூபாய் அதிகம்தான். அதில் ஒன்றரை லட்சம் மன உளைச்சலுக்காம். அதை அப்படியே ஆணையம் தூக்கிக் கொடுக்காது. ஆனால் ஆர்எக்ஸ் 100 நின்று போனது 1996-இல். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகை மாசு விதி) வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே கிடையாது. பழைய ஒரிஜினல் பாகத்துக்கு அவர் ஒரு விலை சொன்னால் ஆணையம் சிரிக்காது. நல்ல நிலையில் உள்ள அதே மாதிரிப் பாகம், பொருத்தும் கூலி, வாங்கிய 400, நோட்டீஸ் செலவு: இதற்குமேல் போகாதீர்கள். இதற்குக் கீழே பேரம் பேசி நாளைக் கடத்தவும் வேண்டாம்.

பேச்சை நீங்கள் நடத்தாதீர்கள். 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' (சமாதானம் பேசுவதைத் தப்பை ஒப்புக்கொண்டதாக எடுக்கக் கூடாது என்று பொருள்) எனத் தலைப்பிட்டு ஒரு வக்கீல் எழுதட்டும். "தப்பு என்மேலதான், பார்த்துக்கலாம்ணே" என்று அவருக்கு வாய்ஸ் நோட் அனுப்பாதீர்கள். பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள். முழுமையான இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை என்று அவர் கையெழுத்தோடு தாள் வர வேண்டும். பாகத்தையும் அதே நேரத்தில் ஒப்படையுங்கள். கழற்றி வைத்த ஜெட், ஊசி, ஃப்ளோட், ஸ்ப்ரிங் எல்லாவற்றையும் அவர் முன்னால் எண்ணி அந்தத் தாளிலேயே எழுதுங்கள். என் கட்சிக்காரர் ஒருவர் எண்ணாமல் கொடுத்துவிட்டு வந்தார், பைலட் ஜெட் குறைகிறது என்று இரண்டாவது நோட்டீஸ் வந்தது.