நியூகாசில்: கப்பல் வரிசையும் கடல் குளங்களும் (கேள்வி பதில்)

சிட்னி வரை வருகிற நம்மவர்கள் பலர், வடக்கே 160 கிலோமீட்டரில் இருக்கும் நியூகாசிலை எட்டிப் பார்க்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். பல வருடங்களாக இங்கேயே குடியிருப்பவள் என்பதால், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, சிட்னியிலிருந்து காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாமா?

திரும்பலாம். ஆனால் அப்படி வராதீர்கள். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். போக வர அரை நாள் போய்விடும். இந்த ஊர் விடியற்காலையில்தான் அழகு, அதனால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். ஜன்னலோரம் உட்காருங்கள், வழியில் ஹாக்ஸ்பரி ஆறு வரும்.

ரயில் விக்கம் என்ற இடத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் வரை டிராம் போகிறது, ரயிலுக்குப் பயன்படுத்திய அதே ஓபல் பயண அட்டை போதும். 2019-ல் வந்த டிராம் இது. பாதைக்கு மேலே மின்கம்பி கிடையாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கிற நேரத்துக்குள் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும்.

கேள்வி: நிலக்கரி ஊர் என்கிறார்களே, எங்கும் தூசியும் புகையுமாக இருக்காதா?

நிலக்கரி ஏற்றுமதியில் உலகின் மிகப் பெரிய துறைமுகம் இதுதான். ஆனால் கப்பலில் ஏற்றுவது இந்த ஊரின் ஹன்டர் ஆற்றின் உள்பக்கம், கூரகாங் தீவிலும் காரிங்டனிலும். நிலக்கரி ரயில் போகும் பாதையோரம் குடியிருப்பவர்களுக்குத் தூசி பற்றிய மனக்குறை உண்டு, அது நியாயமானதும்கூட. கடற்கரைப் பக்கம் வந்துவிட்டால் காற்றில் உப்பு வாசனைதான்.

இந்த ஊரின் பிறப்பே நிலக்கரியால்தான். 1797-ல் ஜான் ஷார்ட்லண்ட் என்ற கடற்படை அதிகாரி இங்கே ஆற்றையும் நிலக்கரியையும் கண்டார். 1799-லேயே ஒரு கப்பல் சரக்கு வங்காளத்துக்குப் போயிருக்கிறது. அப்புறம் கைதிகளைக் கொண்டுவந்து சுரங்கம் வெட்ட வைத்தார்கள். 1915-ல் வந்த பிஎச்பி நிறுவனத்தின் இரும்பு ஆலை 1999-ல் மூடப்பட்டபோது ஊரே கலங்கியது. பிறகு மெல்ல மெல்ல எழுந்து நின்றது. உழைத்துப் பிழைத்த ஊர் என்பதால்தான் எனக்கு இதன்மேல் இத்தனை மரியாதை.

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். ஆற்றுவாயில் இருக்கும் நாபீஸ் அலைதாங்கிச் சுவரில் போய் நில்லுங்கள். இழுவைப் படகுகள் முன்னும் பின்னும் வர, கப்பல் ஆற்றுவாய்க்குள் நுழையும்போது அதன் பெயரை வெறும் கண்ணால் படிக்கலாம். காலியாக வருகிற கப்பல் உயரமாக மிதக்கும், அடிப்பக்கச் சிவப்புப் பூச்சு பளிச்சென்று தெரியும். அதே கப்பல் நிலக்கரி ஏற்றிக்கொண்டு வெளியேறும்போது அந்தச் சிவப்பு தண்ணீருக்குள் போயிருக்கும். என் பையன் சின்ன வயதில் 'கப்பல் சாப்பிட்டுவிட்டுப் போகிறது' என்பான்.

கேள்வி: கடல் குளம் என்றால் என்ன? நீச்சல் தெரியாத என் அம்மாவை இறக்கலாமா?

கரையோரப் பாறைத் தட்டில் சுவர் எழுப்பிக் கட்டிய பெரிய குளம். உள்ளே இருப்பது கடல்தண்ணீர்தான், பெரிய அலை சுவர் ஏறி உள்ளே விழும். 1922-ல் திறந்த நியூகாசில் குளம், 1935-ல் திறந்த மெரிவெதர் குளம் இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இருள் பிரியும் முன்பே எழுபது வயதுக்காரர்கள் துண்டோடு வந்துவிடுவார்கள். குளித்து முடித்து ஈரத் தலையோடு படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நம்மூர் ஆற்றங்கரைப் படித்துறை நினைவுக்கு வரும்.

அம்மாவுக்கு நியூகாசில் குளத்தை ஒட்டியுள்ள கனூ குளம் சரியாக இருக்கும், ஆழம் குறைவு. அலை ஓங்கி அடிக்கிற நாளில் அங்கும் வேண்டாம். திறந்த கடலில், உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டுமே இறங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கிங் எட்வர்ட் பூங்காவின் கீழே போகி ஹோல் என்ற பழைய குளம் இருக்கிறது. 1819 வாக்கில் மேஜர் மோரிசெட் என்ற தளபதி குளிப்பதற்காகக் கைதிகள் பாறையைக் குடைந்தது. எத்தனை கைகள் புண்ணாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு முறையும் அந்தப் படி இறங்குவேன்.

கேள்வி: கலங்கரை விளக்கம் இருக்கும் குன்றுக்கு ஏதோ கங்காரு கதை உண்டாமே?

உண்டு. நாம் நாபீஸ் என்று சொல்லும் அந்தக் குன்றுக்கு, இந்த மண்ணின் பூர்வகுடிகளான அவாபகல் மக்கள் சொல்லும் பெயர் விபாய்கன்பா. குல விதியை மீறிய ஒரு பெரிய கங்காரு அதற்குள் ஒளிந்திருக்கிறது, அது வாலை அடிக்கும்போது பூமி அதிரும் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. 1989 டிசம்பர் 28 காலையில் இந்த ஊரில் 5.6 ரிக்டர் நிலநடுக்கம் வந்து 13 பேர் உயிரிழந்தார்கள். இந்தக் கதை கேட்டவர்களுக்கு அந்த நாளும் கூடவே நினைவுக்கு வரும்.

முன்பு அந்தக் குன்று தனித் தீவு. கைதிகள் 1818-ல் தொடங்கிய கல் அணை, 1846-ல்தான் அதைக் கரையோடு சேர்த்தது.

கேள்வி: கடற்கரையில் கப்பல் ஒதுங்கிய படம் பார்த்தேன். உண்மையா?

உண்மைதான். 2007 ஜூன் 8 புயலில், நிலக்கரி ஏற்றக் காத்திருந்த 225 மீட்டர் நீள பாஷா பல்கர் என்ற கப்பல் நாபீஸ் கடற்கரையில் வந்து சிக்கியது. அதிலிருந்த 22 பேரையும் ஹெலிகாப்டரில் தூக்கிக் காப்பாற்றினார்கள். கப்பலை மீட்க ஜூலை 2 ஆகிவிட்டது. 1942-ல் ஜப்பானிய நீர்மூழ்கி ஊர்மேல் குண்டு வீசியதும், அந்தக் கடற்கரைக்கு மேலே தெரியும் ஸ்க்ராட்ச்லி கோட்டை திருப்பிச் சுட்டதும் அதே ஜூன் 8 அன்றுதான்.

கேள்வி: சின்னப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பிளாக்பட் காட்டில் கோவாலா, வாம்பட், ஈமு என்று இந்த நாட்டு விலங்கு, பறவைகளை இலவசமாகப் பார்க்கலாம். கார் இருந்தால் அன்னா பே போங்கள், ஸ்டாக்டன் மணல்மேட்டில் பலகையில் சறுக்கலாம். கார் இல்லாவிட்டால் ஆற்றைக் கடந்து ஸ்டாக்டனுக்குப் போகும் படகு, சில நிமிடப் பயணம்தான். சாப்பாட்டுக்கு ஹாமில்டனின் போமாண்ட் தெரு, இல்லையென்றால் டார்பி தெரு.

கேள்வி: எந்த மாதம் வரலாம்?

கடலில் குளிக்க டிசம்பர் முதல் மார்ச் வரை. என்னைக் கேட்டால் ஜூன், ஜூலை. குளிர்தான், ஸ்வெட்டர் வேண்டும். அப்போதுதான் திமிங்கலங்கள் வடக்கே போகும். 2015-ல் திறந்த நினைவு நடைபாலத்தில், முதல் உலகப் போருக்குப் போன இந்தப் பகுதி வீரர்களின் பெயர்கள் பொறித்த இரும்பு உருவங்களை ஒட்டி நின்று பாருங்கள். நிலக்கரி ஏற்றக் கடலில் வரிசையில் காத்திருக்கும் கப்பல்களுக்கு இந்தப் பக்கம் வெள்ளையாக ஒரு மூச்சு எழும். அதே இடத்தில் கண்ணை வைத்திருங்கள், அடுத்து முதுகு தெரியும்.