படம் பறந்தாலும் காசோலை ஏன் காத்திருக்கிறது?

கேள்வி: செயற்பாட்டு ஆய்வு என்னும் கணிதத்துறை வங்கிகளின் காசோலை வேலையைச் செம்மைப்படுத்தும் என்று வாசித்தேன். இப்போது காசோலையின் படம்தானே கொழும்புக்குப் போகிறது? இனிக் கணிதத்துக்கு அங்கே என்ன வேலை?
– வாசகர், சுன்னாகம்

பதில்: 2006 ஆம் ஆண்டில் வங்கிகளுக்கிடையே காசோலைகளைத் தீர்த்துவைக்கும் லங்கா கிளியர் நிறுவனம், தாளுக்குப் பதிலாக அதன் படத்தை அனுப்பும் படிமமுறையைத் தொடங்கும் வரை, கொழும்பில் தீர்க்கப்பட வேண்டிய காசோலை தாளாகவே பயணம் செய்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாதைகள் இருந்த நிலையை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பொதியை எந்த வழியில், எந்த நேரத்தில் அனுப்பினால் பணம் விரைவில் கைக்கு வரும் என்பதை முழுவெண் நிரலாக்கத்தால் (விடைகள் முழு எண்களாக அமையுமாறு, பல தெரிவுகளுள் சிறந்ததைத் தேடும் கணித முறையால்) கணிப்பதே அந்நாளில் இத்துறையின் பெரிய வேலையாக இருந்தது. அமெரிக்காவின் மேரிலாந்து நஷனல் வங்கியில் இவ்வாறு செய்தமை பற்றிய கட்டுரை 1983 இல் வெளிவந்தது. நீங்கள் சொல்வது போல, அந்தப் பகுதி இங்கே தேவையற்றதாகிவிட்டது.

ஆனால் கிளைக்குள் இருக்கும் வரிசையைப் படிமமுறை ஒழிக்கவில்லை. காசோலைகள் எழுமாறாக வந்துசேரும் ஒரு மேசையில் ஓர் அலுவலர் மட்டும் இருக்கிறார் என்றும், ஒரு காசோலைக்குச் சராசரியாக ஒரு நிமிடம் எடுத்தாலும் அந்த நேரமும் எழுமாறாகக் கூடிக்குறைகிறது என்றும் கொள்வோம். அவர் தம் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருந்தால், ஒரு காசோலை அம்மேசையில் சராசரியாக 5 நிமிடம் தங்கும். 95 சதவீதமானால் அது 20 நிமிடமாகும். வேலைப்பளு ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, தங்கும் நேரமோ நான்கு மடங்காகிவிட்டது. கடைக்காரர்கள் பிற்பகலில் ஒருமிக்க வந்து வைப்பிலிடும்போது நடப்பதும் இதுதான். படங்களை அனுப்புவதற்கான அன்றைய நேர எல்லையை ஒரு நிமிடம் தவறவிட்ட காசோலையும் ஒரு முழு வேலைநாள் பிந்திவிடும் என்பதால், இந்தச் சிறு தாமதத்தின் விலை பெரிது.

ஆகவே இன்னொரு ஸ்கேனர் வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில உள்ளன. ஐம்பது காசோலை சேரட்டும் என்று கட்டினை நிறுத்திவைக்கும் பழக்கத்தை விட்டு, சிறு கட்டுகளாக அடிக்கடி அனுப்பலாம். அடிவரியிலுள்ள காந்த மை எண்களை இயந்திரம் வாசிக்க மறுக்கும் காசோலைகளைத் தனி மேசைக்கு மாற்றினால், பின்னால் நிற்பவை தடைப்படா. பின்திகதியிட்ட காசோலைகள் எந்நாளில் வரும் என்பது பெரும்பாலும் முன்பே தெரியுமாகையால், அந்நாட்களுக்கேற்ப அலுவலரின் நேரமுறையை வகுக்கலாம்.

எல்லாவற்றையும் முடிக்க நேரமில்லாதபோது பெருந்தொகையை முதலில் எடு என்றே, தொகையை மட்டும் நோக்கும் கணிதம் சொல்லும். அதை நான் முழுமையாக ஏற்கமாட்டேன். சிறு வியாபாரியின் காசோலை நாள்தோறும் கடைசிக்குத் தள்ளப்படாதிருக்க, எந்தக் காசோலையும் இவ்வளவு நேரத்துக்குமேல் காத்திருக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் அதே சமன்பாடுகளில் சேர்க்க முடியும், சேர்க்கவும் வேண்டும்.